செடி தேடிப் போனவர்களின் பாடம்

போன கிழமை ஒரு பின்னேரம் சின்னவள் முன் அறையில் இருந்து தன்னுடைய இங்கிலீசுப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். செடிகளைத் தேடிக் கடல் கடந்து போனவர்களைப் பற்றிய பாடம். கடைசிப் பந்திக்கு வந்ததும் ஒரு வசனத்தின் நடுவில் தடக்கி நின்றுவிட்டாள். "பட் ஹி நெவர்... பட் ஹி நெவர்..." என்று இழுத்தாள். அப்போது குசினிக்குள் இருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

"சா ஹிஸ் ஹோம் எகெய்ன்."

தன் வீட்டை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. அதுதான் அந்த வசனம். நீங்கள் மூன்று பேரும் எழும்பிக் குசினிக்கு ஓடினீர்கள். "அம்மா, உங்களுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியுமோ?" என்று சின்னவள் கேட்டாள். "அம்மா புத்தகத்தைப் பாக்காமலே வாசிக்கிறா, நீ பாத்தும் முழிக்கிறாய்" என்று பெரியவன் அவளைச் சீண்டினான். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "எங்கையோ கேட்டது. போய்க் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, பிட்டு ஆறுது" என்றாள். அதோடு கதை முடிந்தது. நீங்களும் பிட்டோடு அதை மறந்துவிட்டீர்கள்.

நான் மறக்கவில்லை. அம்மா அதை எங்கே கேட்டாள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். வாயால் சொன்னால் அவள் நடுவில் வந்து நிறுத்திவிடுவாள். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. துறைமுகக் கிட்டங்கியில் நான் எழுதுவதெல்லாம், இன்ன கப்பலில் வந்த பெட்டி உடைந்திருக்கிறது, உள்ளே சரக்கு நனைந்திருக்கிறது என்கிற மாதிரி இரண்டு வரிதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். பெரியவன் தவழ்ந்து திரிந்தான். மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை. உலக யுத்தமும் வரவில்லை. ஒரு நாள் நான் வேலையால் வந்து சட்டையைக் கழற்றிக் கொழுவும்போது உங்கள் அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு கேட்டாச் சிரிக்கக்கூடாது."

"கேளும்."

"எனக்கு ஒரு கரும்பலகைக்கு முன்னால நிக்கவேணும்."

"ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து குசினியில மாட்டிவிடட்டோ?"

"பாத்தீங்களே, சிரிக்கிறீங்கள்."

அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் விபரமாகச் சொன்னாள். சின்ன வயதில் அவள் படித்த கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஒரு முறை பாலர் வகுப்புச் சிஸ்டருக்குக் காய்ச்சல் வந்ததாம். ஐந்தாம் வகுப்பில் இருந்த இவளைக் கூப்பிட்டு, சிஸ்டர் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கரும்பலகையில் எழுதுகிற சோக்கைக் கையில் கொடுத்தார்களாம். சிஸ்டர் எழும்பி வரும்வரை இவள்தான் அங்கே ரீச்சர். அதற்குப் பிறகு படிப்பு நின்றது, கலியாணம் வந்தது, நான் வந்தேன், பெரியவன் வந்தான். ஆனால் அந்தச் சோக்கு அவளுடைய கையை விட்டுப் போகவில்லை. சீலை வேண்டும், சங்கிலி வேண்டும் என்று உங்கள் அம்மா என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் கேட்டது இது ஒன்றுதான்.

வெள்ளவத்தையில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி சின்னதாகப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தினார். அங்கே பாலர் வகுப்பில் படிப்பித்த பெண் கலியாணமாகிப் போகிறாள் என்று பூசை முடிந்து வரும்போது யாரோ சொன்னார்களாம். உங்கள் அம்மா என்னிடம் சொல்லாமல் அன்றைக்கே போய்த் துரைசாணியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். துரைசாணி நல்ல மாதிரித்தான் கதைத்தாராம். பாலர் வகுப்புக்குத் தமிழும் வேண்டும், கொஞ்சம் இங்கிலீசும் வேண்டும். நாலாம் வாசிப்புப் புத்தகத்தில் செடி தேடிப் போனவர்களின் பாடத்தை நன்றாக வாசித்து, அதைத் தன் சொந்த வசனத்தில் சொல்லிக் காட்டினால் தை மாதம் வகுப்பைத் தரலாம் என்றாராம். ஏன் அந்தப் பாடம் என்று கேட்டேன்.

"அவ செடிப் பைத்தியம். விறாந்தை முழுக்கச் சாடி. கால் வைக்க இடமில்லை. நான் சாடிக்கு மேல ஏறி விழாமல் வந்ததே பெரிய காரியம்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் புதுக்கடைக்குப் போனேன். கோர்ட்டுக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கிற முஸ்லிம் மனிதர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நாலாம் ரீடர் ஈக்குது தம்பி. அட்டைதான் இல்ல."

"அட்டை இல்லாமலோ நானா?"

"அட்டைய யாரு வாசிக்கிற? யாருக்கு, மவனுக்கா?"

"பெண்சாதிக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஆ, பொஞ்சாதிக்கு இங்கிலீசு படிச்சுக் குடுக்கப் போறீங்களா? நல்லா யோசிச்சீங்களா? இப்பத் தமிழ்ல மட்டுந்தான ஏச்சு வாங்குறீங்க?" பக்கத்தில் நின்ற வக்கீல் கிளாக்குமார் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி வந்தேன்.

என் இங்கிலீசைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் படித்தது கொஞ்சம். மிச்சம் கிட்டங்கியில் பொறுக்கியது. பெட்டி, மூடை, சாக்கு, ஆணி, ஈரம், உடைவு எல்லாவற்றுக்கும் எனக்கு இங்கிலீசு தெரியும். பூவுக்கும் காட்டுக்கும் மலைக்கும் தெரியாது. அந்தப் பாடம் முழுக்கப் பூவும் காடும் மலையும்தான். தெரியாத சொற்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் நானாவிடம் கேட்பேன். அவர் வக்கீல்மார் சொல்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உச்சரித்துக் காட்டுவார். நான் டிராமில் வரும் வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்து உங்கள் அம்மாவிடம் கொடுப்பேன். அதனால் செடி தேடிப் போனவர்களைப் பற்றி அவள் வாசிக்கும்போது, கொலை வழக்குப் பேசுகிற மாதிரி இருக்கும்.

பின்னேரம் சமையல் முடிந்ததும் பெரியவனைப் பாயில் விட்டுவிட்டு, குசினி வாசலில் வெளிச்சம் இருக்கிற பக்கமாக இரண்டு பேரும் இருப்போம். பாடம் இப்படித்தான் போகும். முந்தின காலத்தில் இங்கிலீசுக்காரர் சீனத்துக்கும் இமயமலைக்கும் தென்னமெரிக்காக் காட்டுக்கும் போய்ச் செடிகளைத் தோண்டி எடுத்தார்கள். கப்பலில் ஏற்றினால் பாதி வழியில் எல்லாம் செத்துவிடும். உப்புக்காற்று ஒரு பக்கம், தண்ணீர்த் தட்டுப்பாடு ஒரு பக்கம். ஒரு அதிகாரி தனக்குக் கிடைத்த குடிதண்ணீரில் பாதியை ஒரு கோப்பிக் கன்றுக்கு ஊற்றி அதைக் காப்பாற்றிக் கரை சேர்த்தாராம்.

"அவருக்குப் பெண்சாதி இருந்தவவோ?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"அது பாடத்தில இல்லை."

"இருந்திருந்தா அந்தாள் அவவுக்குப் பாதித் தண்ணி குடுத்திருக்குமோ எண்டு கேக்கிறன்."

"நீர் வாசியும்."

பிறகு யாரோ ஒருவர் கண்ணாடிப் பெட்டி செய்யலாம் என்று கண்டுபிடித்தார். ஈரமண்ணோடு செடியைக் கண்ணாடிக்குள் வைத்து அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஈரமே திரும்பத் திரும்பச் செடிக்குப் போதும், உப்புக்காற்றும் படாது. அதற்குப் பிறகுதான் றப்பரும் இன்னும் என்னென்னவோ உலகமெல்லாம் போயிற்று. எங்கள் கிட்டங்கியில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிற அந்த றப்பரைப் பற்றி ஒரு வரி இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் அம்மாவுக்கு அந்த வரியில் ஒரு அக்கறையும் இல்லை. அவளைப் பிடித்துக்கொண்டது கண்ணாடிப் பெட்டிதான். அந்தப் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள்.

கடைசிப் பந்தி ஒரு இளந்துரையைப் பற்றியது. வெள்ளைப்பூ ஒன்றைத் தேடி மலைக்குப் போனவன் காய்ச்சலில் விழுந்தான். செடி அடைத்த பெட்டியை அவனுடைய வேலைக்காரன் மலையால் இறக்கித் துறைமுகம்வரை கொண்டுவந்து கப்பலில் ஏற்றினான். பூ லண்டனில் பூத்தது. துரை மலையிலேயே செத்துப்போனான்.

"பெட்டியைக் கொண்டுவந்தவன்ரை பேர் என்ன?"

"வேலைக்காரன் எண்டுதான் இருக்கு."

"துரையின்ரை பேர் இருக்கு. துரையின்ரை நாயின்ரை பேரும் இருக்கு. நல்லாப் பாருங்கோ."

நல்லாய்ப் பார்த்தேன். நாயின் பேர் இருந்தது. அவனுடைய பேர் இல்லை. "துரைசாணி கேட்டா நாயின்ரை பேரைச் சொல்லும், போதும்" என்றேன். அவள் புத்தகத்தால் என் முழங்காலில் ஒரு அடி போட்டாள். அதைப் பார்த்துப் பெரியவன் கைதட்டினான்.

இப்படியே வாசித்து வாசித்து, புத்தகத்தைப் பார்க்காமலே அவளுக்குப் பாடம் வந்துவிட்டது. ஆனால் பாடமாக்கியதை ஒப்புவிக்கக்கூடாது, வாசிக்கத்தான் வேண்டும் என்று அவளே தனக்கொரு சட்டம் வைத்துக்கொண்டாள். விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்துத்தான் வாசிப்பாள்.

இங்கே இன்னொரு செடியைப் பற்றிச் சொல்லவேண்டும். கிட்டங்கியில் வெளிநாட்டுப் பெட்டிகளை உடைக்கும்போது உள்ளே கண்ணாடி, பீங்கான் உடையாமல் இருக்க வைக்கோல் அடைத்திருப்பார்கள். அந்த வைக்கோலை ஒருவரும் கேட்பதில்லை. வேலை செய்கிற நாங்கள் எல்லாரும் சாக்கில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகளில் கோழி அடைகாத்தது எந்த நாட்டு வைக்கோலிலோ யாருக்குத் தெரியும். எங்கள் பின்முற்றத்திலும் கோழிக்காக அப்படிப் போட்டோம். மழை பெய்ததும் அந்த வைக்கோலில் இருந்து ஒரு முளை வந்தது. கோழி கொத்தாமல் உங்கள் அம்மா அதைப் பிடுங்கி ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்தாள். அது கொடியாகிக் கம்பியில் ஏறிற்று. பிறகு பூத்தது. நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. நடுவில் மஞ்சள் பொட்டு. ஒழுங்கையில் இருந்த ஒருவருக்கும் அது என்ன பூ என்று தெரியவில்லை. நான் கப்பலில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அடியில் இருந்து சின்னக் கன்றுகளும் வந்தன.

துரைசாணியைப் பார்க்கப் போகிற நாள் நெருங்கியது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "வெறுங்கையோட போகப்படாது. கோழிக்கூட்டுச் சீப்பு ஒண்ணு வாங்கிட்டுப் போ" என்றார். கோழிக்கூடு என்றால் வாழைப்பழத்தில் நல்ல சாதி. ஒரு பெரிய மனிதரைப் பார்க்கப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோவது எங்கள் எல்லாருக்கும் வழக்கம். டாக்டரிடம் போனாலும், கோயில் சாமியிடம் போனாலும், கிட்டங்கியில் பெரிய கிளாக்கரிடம் போனாலும் அப்படித்தான். அது கையூட்டு இல்லை. மரியாதை.

"பழம் எல்லாரும் கொண்டுபோவினம்" என்றாள் உங்கள் அம்மா.

அவள் என்ன நினைத்திருக்கிறாள் என்று அப்போது விளங்கவில்லை. அடுத்த நாள் வேலையால் வந்தபோது சுவர்ப் படத்தில் அந்தோனியார் கண்ணாடி இல்லாமல் நின்றார். படத்துக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு பிஸ்கற் தகரத்தின் ஒரு பக்கத்தை வெட்டி அதில் பொருத்தி, ஓரத்தை மெழுகுதிரி உருக்கி அடைத்திருந்தாள். உள்ளே நனைத்த தேங்காய்த்தும்பு, மண், அதற்குள் அந்தக் கொடியின் கன்று ஒன்று. கண்ணாடியில் உள்ளே பொட்டுப் பொட்டாய் ஈரம் பிடித்திருந்தது.

"பாடத்தில சொன்ன மாதிரியே, பாருங்கோ! தண்ணி ஊத்தாமலே நிக்குது."

"அந்தோனியாருக்குத் தூசி படுமே."

"அவர் காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவர். தன்ரை கண்ணாடியைத் தானே கண்டுபிடிப்பார்."

நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? வாசித்தது விளங்கியிருக்கிறது, விளங்கியது கையால் செய்யவும் வந்திருக்கிறது. இதைவிடத் துரைசாணிக்கு வேறு என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் புறப்பட்டோம். கோட்டையில் இருந்து ரயில் கடலோரமாகவே போகும், உங்களுக்குத் தெரியும். யன்னலால் உப்புத்தூவல் அடித்தது. உங்கள் அம்மா எழும்பிப் போய் மற்றப் பக்கத்தில் இருந்து தகரத்தைச் சீலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள். ரிக்கற் பார்க்க வந்த சிங்கள மனிதர் அவள் அதை அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்து, "மொகத நோனே, மாளு த?" என்றார். என்ன அம்மா, மீனா என்று பகிடி. "நே மஹத்தயா, மல்" என்று அவள் சொன்னாள். இல்லை ஐயா, பூ. அவர் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, மீன் என்றால் எனக்கும் ஒன்று கேட்டிருப்பேன் என்று சிரித்துக்கொண்டு போனார். வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு உங்கள் அம்மா எவ்வளவு வடிவாக இருந்தாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நானும் பெரியவனும் விறாந்தையில் சாடிகளுக்கு நடுவில் ஒரு மர வாங்கில் இருந்தோம். அவள் உள்ளே போனாள். யன்னல் திறந்திருந்தது. சத்தம் எல்லாம் கேட்டது. பாதி விளங்கியது.

முதலில் கேட்டது துரைசாணி "ஓ!" என்று சொன்னது. பிறகு கதிரை இழுபடுகிற சத்தம். இதை எங்கே கண்டாய், யார் இப்படி அடைத்தது, எத்தனை நாளாய் உள்ளே இருக்கிறது என்று கேள்விமேல் கேள்வி. உங்கள் அம்மா பதில் சொன்னாள். இங்கிலீசு வந்த இடத்தில் இங்கிலீசு, வராத இடத்தில் தமிழ். துரைசாணிக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். வைக்கோல், கோழி, மழை, தகரம் எல்லாம் வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மனம் குளிர்ந்தது. பெரியவன் ஒரு சாடிக்குள் கையை விட்டு மண்ணைத் தின்னப் பார்த்தான், அவனைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன்.

கனநேரத்துக்குப் பிறகுதான் வாசிக்கச் சொன்னார். உங்கள் அம்மா வாசித்தாள். பிள்ளைகளே, அவள் வாசித்ததை நான் கேட்டேன். புதுக்கடை நானாவின் நெஞ்சு நிமிர்த்தல் இல்லை, என்னுடைய கிட்டங்கி அவசரம் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் வைத்து எடுத்து, பாலர் வகுப்புக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி வாசித்தாள். நடுவில் ஒரு இடத்தில்தான் தடக்கினாள், அதையும் தானே திருத்தினாள். நான் எட்டிப் பார்த்தேன். துரைசாணி தகரத்தின் கண்ணாடியைத் திறந்து இலையை விரலால் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும் "குட், வெரி குட்" என்றார். கண் செடியை விட்டு எழும்பவில்லை. சொந்த வசனத்தில் சொல்லு என்று கேட்கவே இல்லை.

பிறகு அவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. பாலர் வகுப்புக்கு வரப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கிழங்கும் வேரும் தெரிந்து, ஒரு கன்றைக் கொட்டாஞ்சேனையில் இருந்து வாடாமல் கொண்டுவரத் தெரிந்த ஆள் கிடைப்பது அருமை. என்னுடைய தோட்டக்காரக் கிழவர் ஊருக்குப் போகிறார். தோட்டத்தை உன்னுடைய பொறுப்பில் விடுகிறேன், உன் கையில் அந்த வரம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது துரைசாணியின் குரல் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. ஒரு பெரிய பரிசு கொடுக்கிற மாதிரித்தான் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன்.

உள்ளே புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு உங்கள் அம்மா சொன்னாள்.

"மேடம், ஐ கேம் டு ரீட்."

நான் வாசிக்க வந்தனான் என்கிறதுதான். அந்த வசனம் பாடத்தில் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அவள் தானாகக் கட்டிய முதல் இங்கிலீசு வசனம் அது. ஒரு பிழையும் இல்லை.

துரைசாணி, ஓம், ஓம், நீ நன்றாகத்தான் வாசித்தாய், யோசித்துச் சொல்லு, நானும் யோசிக்கிறேன் என்றார். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வந்தது. விறாந்தையில் இருந்த எனக்கும் வந்தது. உங்கள் அம்மா வெளியே வரும்போது கையில் புத்தகம் மட்டும்தான் இருந்தது.

ரோட்டுக்கு வந்ததும், "செடியை விட்டிட்டு வந்திட்டீரோ? போய்த் திருப்பிக் கேக்கட்டோ?" என்றேன்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? விசரோ உங்களுக்கு?"

ரயிலில் கடல்பக்கம் இருந்தோம். இனி உப்புக்காற்றுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. தெகிவளைப் பக்கமிருந்து வந்த பெண்கள் கூட்டமொன்று பாட்டும் கூத்துமாக இருந்தது. பெரியவன் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். கோட்டை வருகிறபோது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அந்த வேலைக்காரனுக்கும் வாசிக்கத் தெரிஞ்சிருக்கும். ஆர் கண்டது."

சில நாளில் ஒரு கார்ட் வந்தது. பாலர் வகுப்பை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று, தோட்டத்து இடம் இன்னும் காலியாக இருக்கிறது, செடி சுகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். செடி சுகமாக இருக்கிறது என்கிற வரியை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவள் கார்டை வாங்கித் தானே வாசித்தாள். எனக்கு முன்பே வாசித்து முடித்தாள். பின்முற்றத்தில் மிச்சமிருந்த கொடியைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், தகரத்தோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தோனியாருக்கு நான் புதுக் கண்ணாடி போட்டேன்.

அவளை வேறு பள்ளிக்கூடங்களிலும் கேட்கச் சொன்னேன். "பாப்பம்" என்பாள். பிறகு நடுவிலான் வந்தான், சின்னவள் வந்தாள், யுத்தம் வந்தது. பள்ளிக்கூடங்களில் பட்டாளம் வந்து இருந்தது. பாப்பம் என்கிற சொல்லும் நின்றுவிட்டது.

நான் இதை எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கோழிக்கூட்டுச் சீப்போடு போயிருந்தால் துரைசாணி அதைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்து வாசிப்பைக் கேட்டிருப்பார். பாடம் வேறு பாடமாக இருந்திருந்தாலும் சரி. ஒரு ராசாவின் கதை, ஒரு கரடியின் கதை என்று இருந்திருந்தால் அவள் தகரம் வெட்டப் போயிருக்கமாட்டாள். பாடத்தை அரைகுறையாக விளங்கியிருந்தாலும் அவளுக்கு வகுப்புக் கிடைத்திருக்கும். முழுதாக விளங்கியதால்தான் அப்படிப் போயிற்று. உங்கள் அம்மா ஒரு சோக்குத் துண்டுக்காகத்தான் போனாள். அது அவளுடைய கைக்கு வரவே இல்லை.

பிறகு நாங்கள் இந்த வெள்ளவத்தைக்கே குடிவந்தோம். கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு பள்ளிக்கூட மதில் இருக்கிறதே, அதன் மேலால் நீலமும் ஊதாவும் இல்லாத நிறத்தில் பூக்கிற கொடி இருக்கிறதே, நீங்கள் 'மதில்பூ' என்று பேர் வைத்த கொடி. அது இப்போது பக்கத்து வளவு வேலிகளிலும் ஏறிவிட்டது. துரைசாணி தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்த மதிலைக் கடக்கும்போது அம்மா ஏன் மற்றப் பக்கத்தால் நடக்கிறாள் என்று சின்னவள் என்னிடம் கேட்டாள். வெயில் என்று சொன்னேன். வெயில் இல்லை. நீங்கள் அந்தப் பூவைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுக்கும்போது அம்மா ஏசுவதில்லை, கவனித்தீர்களா? வாங்கி ஒரு போத்தலில் தண்ணீர் விட்டு வைப்பாள். வாடும்வரை யன்னலில் இருக்கும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு அம்மாவிடம் போய் ஒன்றும் கேட்காதீர்கள். இரக்கப்படுவதும் வேண்டாம், அது அவளுக்குப் பிடிக்காது. ஒன்று மட்டும் செய்யுங்கள். போன கிழமை நீங்கள் பிட்டுத் தின்ற பிறகு நான் பார்த்தேன். சின்னவளுடைய புத்தகம் கதிரையில் கிடந்தது. அம்மா கையைச் சீலையில் துடைத்துவிட்டு அதை எடுத்தாள். நாங்கள் அந்தக் காலத்தில் படித்த அதே புத்தகம்தான், இதற்கு அட்டை இருக்கிறது. செடிப் பாடத்தின் கடைசிப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பாடத்துக்குப் பிறகு என்ன பாடம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. எங்களுக்குப் படிப்பு அதோடு நின்றுபோனது.

சின்னவளே, உனக்கு நாளைக்கு அடுத்த பாடம் வரும். வாசிக்கும்போது கொஞ்சம் சத்தமாக வாசி. குசினிக்குக் கேட்கவேண்டும்.